வார்டனம்மாவும் வீட்டோட மாப்பிள்ளையும்

“இன்னும் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்” என்று சொல்லி நோயாளியின் முழங்காலை மடக்கிப் பிடிக்கிறார் அந்த அம்மாள். மேசையில் படுத்திருக்கும் வங்கிக் காசாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குகிறார். “ஆச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை.” இப்படியே பல ஒரே ஒரு தடவைகள் போய்விட்டன. மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் இந்த அம்மாளுக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் வார்டன். அது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஐம்பதைத் தொட்ட வயது, குள்ளமான உருவம், இரும்பில் செய்த கட்டைவிரல்கள். தெருவில் யார் எதிரே வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், முகமெல்லாம் பிறகுதான். நெடுநாள் கழித்துச் சந்தித்த பள்ளித் தோழியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏன்டி, இடுப்பைச் சாய்ச்சு சாய்ச்சு நடக்குற?” தோழி அதன் பிறகு வருவதில்லை.

நோயாளிகளையாவது மன்னிப்பார். கூட வரும் உறவினர்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது. “நீங்க கொஞ்சக் கொஞ்சத்தான் அவரு கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்குறாரு. ‘பாவம்’னு இன்னொரு வார்த்தை வாயில வந்துச்சு, வெளிய அனுப்பிடுவேன்!” அனுப்பியும் இருக்கிறார்.

இவ்வளவு கறாரானவர், விலங்குகள் காப்பகத்திலிருந்து அடிபட்ட நாய்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து நடக்கப் பழக்குகிறார். இரண்டு அறை வீட்டில் ஒன்றுக்குமேல் இடமில்லை. ஒன்று தேறி, ஒரு நல்ல வீடு பார்த்துப் போனால்தான் அடுத்தது வர முடியும். கடைசியாக வந்தது ஒரு செம்பட்டை நாய். வண்டியில் அடிபட்டு, இடது பின்னங்கால் எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் சூட்டினார்.

மாப்பிள்ளைக்கும் வார்டன் முறைதான். வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நிற்க வைப்பார். துடைப்பக் கட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டுத் தாண்டச் சொல்வார். “இன்னும் ஒரே ஒரு தடவைடா, ராஜா.” நாய் நம்பியது. காசாளருக்கு இருந்த சந்தேகம்கூட அதற்கு இல்லை. கட்டைகள் தாண்டப்பட்டன, சதை ஏறியது, கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு “ஓடவே விடலாம்” என்றார்.

ஆனால் மாப்பிள்ளை நொண்டுவதை விடவில்லை. இதற்கிடையில் காப்பகத்திலிருந்து போன் வந்தது. இடுப்பு முறிந்த கறுப்பு நாய் ஒன்று கூண்டில் கிடக்கிறது. சீக்கிரம் பழக்காவிட்டால் பின்னங்கால்கள் அப்படியே மடங்கிப்போகும். அன்றிலிருந்து வார்டனம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீடு தேடும் படலம் ஆரம்பமானது. முதலில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளை அறையிலிருந்து வெளிப்பட்டது, காலைத் தூக்கிக்கொண்டு, பாதி வழியில் நின்று ஒரு பெருமூச்சும் விட்டது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க வீடு மூணாவது மாடிங்க, படியேறாதே, பாவம்.” அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் மாப்பிள்ளை ஒரே தாவலில் சோபா முதுகின்மேல் ஏறி, ஜன்னல் வழியாக அவர்களை வழியனுப்பியது.

அடுத்து வந்தவர் பூக்கடைக்காரம்மா. அன்றைக்கு நடந்த நொண்டலைப் பார்த்து வார்டனம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அடிபட்டது இடது கால். தூக்கியிருப்பது வலது கால்!

“கால் மாறி நொண்டுதுங்க!” என்றார் கணவரிடம், பூக்கடைக்காரம்மாவும் கழன்றுகொண்ட பிறகு.

“ஏன் நொண்டாது? அது நொண்டுறப்பல்லாம் நீ பிஸ்கட்டை நீட்டுனா? நான் பார்க்கலன்னு நினைச்சியா?”

வார்டனம்மா பிஸ்கட் டப்பாவை அலமாரிக்குள் தள்ளினார். உண்மைதான். அது காலைத் தூக்கும்போதெல்லாம் மனம் தாங்காமல், யாரும் பார்க்காதபோது ஒரு பிஸ்கட், சில நாள் இரண்டு. பாவம் என்ற சொல்லையும் சொல்லியிருக்கிறார், காதோடு காதாக.

“ஊருக்குத்தான் உபதேசம்” என்று சிரித்தார் கணவர். “இனிமே இது வீட்டோட மாப்பிள்ளைதான் போ.”

“அப்போ அந்தக் கறுப்புக்குட்டி கூண்டுலயே கிடக்கணுமா?” என்று வார்டனம்மா கேட்டபோது குரல் உடைந்தது. கணவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்கியது, கழற்ற மறந்து வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தன் முழுத் திறமையையும் காட்டியது. நடுக்கூடத்தில் காலைத் தூக்கி, உடம்பை நடுக்கி, கண்ணைச் செருகியது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஓட்டப்பந்தயம்னா எங்க ஸ்கூல்ல பாதிப் பேரு இப்படித்தான் வந்து நிப்பாங்க. ஆனா இவன் அளவுக்கு ஒருத்தனும் நடிச்சதில்லைங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

வார்டனம்மா சாப்பாட்டு நேரம், படுக்கும் துணி, மழையில் நனையவிடக் கூடாது என்று எல்லாம் சொன்னார். கடைசியில், “நொண்டினா பிஸ்கட் குடுக்காதீங்க” என்றார் மெதுவாக. தன் கையாலேயே வாரை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார்.

வாசல்வரை மாப்பிள்ளை கூடவே போனது. கேட்டைத் தாண்டும்போதுதான் அதற்கு ஏதோ விளங்கியிருக்கிறது. திரும்பி வார்டனம்மாவைப் பார்த்து இடது காலை, சரியான காலை, மெல்லத் தூக்கியது. முனகவும் செய்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு நடிப்பை அது நடித்ததே இல்லை. அல்லது, இது நடிப்பே இல்லையோ என்னவோ.

வார்டனம்மாவின் கால் ஒரு படி இறங்கிவிட்டது. பிறகு சட்டென்று தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க பண்ணுது?”

“நிக்குது. உன்னையேதான் பாக்குது.”

டீச்சரின் விசில் ஒருமுறை கேட்டது. அப்புறம் சிமெண்டுத் தளத்தில் நகங்கள் படும் சத்தம். வார்டனம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். டக் டக் டக் டக்.

“நாலும் பதியுது” என்றார் திரும்பாமல்.

சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்த பிறகும் அவர் பிடியைத் தளர்த்தவில்லை. கணவரின் சட்டைப் பொத்தான் ஒன்று அவர் கையோடு வந்துவிட்டது.