உத்தரவு வந்தும் அடங்காத நெஞ்சு

நெஞ்சு படபடக்கிறது என்று சொர்ணம்மாள் டீச்சர் முதன்முதலில் சொன்னபோது தெருவே உச்சுக்கொட்டியது. வருஷம் 1956. நாஞ்சில் நாடு மலையாளச் சீமையை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது. சர்க்கார் சம்பளம் வாங்கும் தமிழர்களில் யார் திருவனந்தபுரத்தில் தங்குவது, யார் நாகர்கோவிலுக்குப் போவது என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. டீச்சரை மாற்றினால் குடும்பம் இரண்டாகும். அந்தப் பயம்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

கரும்பலகைக்கு முன் நிற்கையில் அவளுக்கு மூச்சு அடைக்கும். கை விறைக்கும். இதோ செத்தேன் என்று தோன்றும். இதைச் சொன்னால் அடுத்த வீட்டு முத்தாரம்மாள் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "எனக்கும்தான் டீச்சரே, மவளைக் கெட்டிக்குடுக்கணுமேன்னு நெஞ்சு அடிச்சிட்டே கெடக்கு. அதுக்குன்னு படுத்துக் கெடக்க முடியுமா?" என்பாள். பிறகு வீட்டுக்குப் போய் வயிறாரத் தின்றுவிட்டுக் குறட்டை விடுவாள். சுவர் தாண்டி வரும் அந்தக் குறட்டையைக் கேட்டாலே சொர்ணம்மாளுக்குக் குமட்டும்.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. அவளுக்கு மாற்றம் இல்லை. ஆறுமுகநயினார் தெருவுக்கே பாயசம் ஊற்றினார். மறுநாளே அவள் வகுப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். குணமான பிறகு வந்தால் போதும் என்று தலைமையாசிரியை அவளை வீட்டுக்கு அனுப்பினாள். குணமாகாவிட்டால் வேலை போய்விடும். நாத்தனார் பிச்சம்மாள், "அதான் எல்லாம் கிடைச்சாச்சே, இனி என்ன கேடு மைனிக்கு? கொழுப்பு" என்றாள். மாற்றிவிடுவார்களே என்று முந்தாநாள் அழுதவளும் அவள்தான்! சீ, காரணம் இருந்தவரைதான் அந்த இரக்கமெல்லாம்.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்தார்கள், கோளாறு இல்லை. ஊளம்பாறை மனநோய் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பினார்கள். மலையாளியான அவர் அவளை முழுசாகப் பேசவிட்டுக் கேட்டார்.

"டீச்சரே, கவலைக்கு ஒரு காரணம் உண்டு. காரணம் தீர்ந்தா அதும் தீரும். இதுக்குக் காரணமே வேண்டா. இது சுகக்கேடு. வாரந்தோறும் வரணும், குணமாகும்."

சொர்ணம்மாளுக்கு அழுகை வந்தது. ஆறுமுகநயினாருக்கோ வாசலைத் தாண்டுவதற்குள் மானம் போய்விட்டது.

"இதை ஒருத்தர்ட்டயும் சொல்லாதட்டி. உத்தரவை மாத்தப் போறாங்கன்னு சொல்லுவோம். அதுதான் மரியாதையாட்டு இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை, அன்றைக்கே தெருவில் பரப்பியும் விட்டார். முத்தாரம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ டீச்சரே, மறுபடியும் மாத்தமா?" பிச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். ஒரு பொய்க்கு இத்தனை கண்ணீரா! சொர்ணம்மாளுக்குப் பிடிபட்ட தன் கையைக் கழுவவேண்டும் போலிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். உள்ளே முத்தாரம்மாளின் புருஷனோடு இன்னும் நாலைந்து தெரிந்த முகங்கள். ஆறுமுகநயினார் கண்டக்டரிடம் குரலைத் தாழ்த்தி, "வெள்ளையம்பலம் ரெண்டு" என்றார். அங்கேயே இறங்கி ஆஸ்பத்திரிக்கு மீதி வழியை நடந்துவிட்டால் ஊருக்குத் தெரியாதாம்.

சொர்ணம்மாளுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் கேட்கும் தன் வகுப்புக் குரலில் அவள் சொன்னாள்:

"எனக்கு ஊளம்பாறைக்கு ஒண்ணு."