சிப்பிப்பாறையும் பச்சைத் துணியும்

எங்கள் குடியிருப்பில் என்னைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நாய்க்குச் சோறு போடாத கஞ்சம் என்பது ஒன்று. நாய் பிடித்த பைத்தியம் என்பது இன்னொன்று. முதல் கருத்துக்குக் காரணம் என்னிடம் இருக்கும் நாயின் விலா எலும்புகள். சிப்பிப்பாறை நாய்க்கு விலா தெரியத்தான் வேண்டும். வேட்டைக்குப் பிறந்த உடம்பு, அதில் சதை போட்டால்தான் கோளாறு. இதை அம்பத்தூர் மேனாம்பேட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. காய்கறி வாங்கப் போகிற இடத்திலும் யாராவது அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். மஞ்சள் போட்டு வேகவைத்த கோழியையும் ஒரு வட்டில் சோற்றையும் அப்போதுதான் காலி செய்துவிட்டு வந்த பயல், மூன்று நாள் பட்டினி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான்.

சொல்லப்போனால் அவன் என் நாயே இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டே மாசம், பாத்துக்கோங்க" என்று கயிற்றை என் கையில் கொடுத்தார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அங்கேயே வீடு வாங்கிவிட்டார் என்று கேள்வி. தனியாக இருக்கிறவள்தானே, இவளுக்கென்ன வேலை என்று நினைத்திருப்பார். ஆரம்பத்தில் எனக்கு அவர்மேலும் அவன்மேலும் ஒரே எரிச்சல். பிறகு ஒருநாள் காலை அவன் ஓடுவதைப் பார்த்தேன்.

ஏரிப் பக்கம், சுற்றுச்சுவர் எழுப்பி மனைக்கல் நட்டு விற்காமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் அவனை நிற்கவைத்து அங்கே கூட்டிப்போவேன். விடிந்தும் விடியாத நேரம். கேட்டைச் சாத்திக் கயிற்றை அவிழ்த்தால், ஒரு நொடி அசையாமல் நிற்பான். அடுத்த நொடி அங்கே இருக்கமாட்டான். பனிக்குள் வெள்ளையாக ஏதோ நீளும், சுருங்கும், மறுபடி நீளும். கால் தரையில் படுகிற சத்தமே கேட்காது. நான் ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைக் குடித்தபடி பாதித் தூக்கத்தில் இருப்பேன். தூரத்தில் மின்சார ரயில் போகும். கண்ணைத் திறந்துகொண்டு கனவு கண்டேனா, கண்ணை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேனா என்று பல நாள் எனக்கே தெரியாது. தொழிற்பேட்டைப் பக்கமிருந்து சங்கு ஊதும்போதுதான் இது அம்பத்தூர், இன்று வேலை நாள் என்பது உறைக்கும்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்தது போதும், வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வாருங்கள் என்று உத்தரவு வந்ததும் கனவு கலைந்தது. முதல் நாளே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் செய்தி: மூன்றாம் மாடி நாய் காலையிலிருந்து ஊளையிடுகிறது. குரைத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஊளை வேறு விஷயம். யாருக்கோ நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சங்கச் செயலாளர் படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஊளை நல்லதில்ல மேடம். எங்க மாமனார் படுத்த படுக்கையா இருக்காரு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்ணிடுங்க."

அவர் மாமனார் நான்கு வருடமாகப் படுக்கையில்தான் இருக்கிறார் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஏற்பாடு பண்ணினேன். ஓடிக் களைத்தால் பகலெல்லாம் தூங்குவான் என்று அரைமணி ஓட்டத்தை ஒரு மணியாக்கினேன், பிறகு ஒன்றரை மணி. அவன் களைக்கவில்லை. நன்றாகப் பயிற்சி கொடுத்த ஓட்டக்காரனாகி, முன்பைவிட இரண்டு பங்கு தெம்போடு வீட்டுக்கு வந்து, வாலை ஆட்டிக்கொண்டு அடுத்து என்ன என்று கேட்டான். அலுவலகக் கூட்டங்களில் தூங்கி வழிந்தது நான்தான். எதிர்ச்சுவரில் பூனையையும் அணிலையும் பார்த்துத்தான் வெறி பிடிக்கிறது என்று யோசித்து, புறா வலைக்கு மேலே பால்கனி முழுக்கப் பச்சைத் துணி கட்டினேன். ஊளை இன்னும் அதிகமாயிற்று.

கடைசியில், திருவள்ளூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசினேன். நல்ல மனிதர். தோப்பைச் சுற்றி வேலி இருக்கிறது, நாளெல்லாம் ஓடட்டும், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்றார். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். அவனும் பின்னாலேயே வந்து, அழுகிறேனா, கோழி வேகவைக்கிறேனா என்று பார்த்தான்.

புதன்கிழமை துணி எடுக்க இஸ்திரி வண்டிக்குப் போனேன். வண்டி எங்கள் பால்கனிக்கு நேர் கீழே எதிர்ப்பக்கம் நிற்கும். நான் அந்த அம்மாவை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். வயதை இருவருமே வெளியிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க்கா, அது கண்ணால வேட்ட ஆடுற நாயின்னு நீதான சொன்ன? அப்பறம் இன்னாத்துக்கு அதும் கண்ண மறைச்சி பச்சத் துணி கட்டிக்கீற? நீ கீழ எறங்கி போவ சொல்லோ அது துணிய மூஞ்சால தள்ளிகினே கீது. மொதல்ல பழகாம ஊள வுட்டுது, இப்ப ஒண்ணும் தெரியலன்னாதான் ஊள வுடுது. கயட்டி போடு."

மோப்ப நாய் இல்லை, பார்வை நாய் என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே துணியை அவிழ்த்தேன். வலை மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸப் குழுவைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் லாரி பற்றி ஒரு செய்தி, யாரோ தொலைத்த சாவி பற்றி ஒன்று. நாய் பற்றி எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று பஸ் கிடைக்காமல் ரயிலில் வந்து, தெருவின் மறுகோடி வழியாக நடந்து வந்தேன். தூரத்திலிருந்தே அவன் தெரிந்தான். வலையில் மூக்கு பதிய, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் பார்த்து நின்றான். எதிர்ச்சுவரில் ஒரு பூனை நிதானமாக நடந்து போயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலைல நீ பஸ் ஏறுனல்ல, அப்போ புட்ச்சி அப்டியே நிக்குது" என்றார் இஸ்திரி அக்கா.

"படுக்கவே இல்லையா?"

"எங்க படுத்துது. நானும் பாத்துகினேதான் கீறேன்."

நாள் முழுக்க நான் கொண்டாடிய அமைதி இதுதான். வண்டி ஓரமாக நின்று மாந்தோப்புக்காரருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றேன்.

"ஏம்மா, இங்க நல்லா ஓடுமே?" என்றார்.

"ஓடும் சார்" என்றேன். அவனுடைய நன்மை என்று பார்த்தால் தோப்புதான் சரி. அது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். ஆனால் நான் வருகிற வழியைப் பார்த்து நிற்க இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை. என் சுயநலத்துக்குத்தான் அவனை வைத்துக்கொண்டேன்.

கீழே நின்று அவனைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய், அவன் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து நடந்து வந்தேன்.