ஹோலி வரை பிடுங்க மாட்டேன்

ஸ்டெல்லா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கேட் ஓரத்துப் பெட்டூனியாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். “நர்ஸ் மேடம் நஹீ ரஹீ, மாலி பையா” என்றார் காவலாளி; இங்கே தோட்டக்காரனுக்கு மாலி என்று பேர். குழாயை மூட மறந்து பாத்தி குளமாகிவிட்டது. அக்கா பார்த்திருந்தால், “செடிக்கு நீச்சலா சொல்லிக்குடுக்க?” என்று கேட்டிருப்பார்.

தலைநகரத்துத் துவாரகாவில் நம் குடியிருப்புக்கு நான் தோட்டக்காரனாக வந்த முதல் ஜனவரியில், அவருடைய கறிவேப்பிலை மொட்டையாக நின்றது. செத்துவிட்டது என்று பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன். ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா சகிதம் அக்கா வந்து வண்டியை மறித்தார். கட்டைவிரல் நகத்தால் தண்டைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

“நாடி பாக்காம டெத் எழுதுவியால, முருகேசா?”

“உங்க ஆஸ்பத்திரியில எல்லாரையும் சுரண்டித்தான் பாப்பீங்களாக்கா?”

“நீ வந்து படு. சுரண்டிக் காட்டுதேன்.”

திரும்ப நட்டோம். வெயில் ஏறியதும் துளிர்த்தது. அன்றிலிருந்து சட்டம்: குளிர் முடிந்து வரும் ஹோலிக்கு முன்னால் எதையும் பிடுங்கக் கூடாது. குடியிருப்புக்காரர்களே, நீங்களும் யோக்கியமில்லை. பாதிப் பேர் ஜனவரியில் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜூலையில் ஒரு கொத்து கேட்டு அக்கா வாசலில் நின்றவர்கள்தான்.

நர்சரிக்கு என்னையும் கூட்டிப்போவார். பெட்டூனியாவும் டேலியாவும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். திரும்பியும் பார்க்க மாட்டார். மூலையில் இலையுதிர்ந்து நிற்கும் சம்பாப் பூச்செடியிடமும் வாடின மல்லிகையிடமும்தான் போவார்.

“குளிர்ல இளிச்சிட்டு நிக்கத வாங்காத. ஜூன் அனல்காத்துல எது நிக்கும்னு பாரு.”

“மாப்பிள்ளையும் ஜூன்லதான் பாக்கணுமாக்கா?”

“பின்னே? பாவம், உன் பொண்டாட்டி ஜனவரியில பாத்துட்டா.”

அடக்கம் முடிந்த நாலாம் நாள் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மேடம்தான் போய்விட்டாரே, அவர் பாத்தியில் இருக்கும் காய்ந்த குச்சிகளை ஜல்தி எடுத்துவிட்டுப் பெட்டூனியா வை, முடியாதென்றால் வேறு மாலி பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“ஹோலி வரைக்கும் முடியாது சாப். வேற மாலி வந்தா, அவர்கிட்டயும் இதைச் சொல்லிட்டுத்தான் போவேன்” என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

வேலை போனாலும் போகட்டும். அக்காவுக்குத்தான் ஹோலி வரை யாரும் தவணை கொடுக்கவில்லை; அவருடைய செடிகளுக்காவது கொடுப்போம். உங்கள் வீட்டு மொட்டைத் தொட்டிகளையும் கொண்டுவந்து அந்தப் பாத்தியைச் சுற்றி வையுங்கள். எத்தனையைத்தான் அள்ளுவார்கள், பார்க்கலாம்.

இன்று காலை அவருடைய மல்லியைச் சுரண்டினேன். நுனி பழுப்பு. ஒரு சாண் இறங்கினேன், அங்கும் பழுப்பு. அதற்குக் கீழே இன்னும் தண்டு இருக்கிறது, ஹோலிக்கும் நாள் இருக்கிறது. இடுக்கில் மண் ஏறிய கட்டைவிரல் நகத்தை வெட்டச் சொல்லி வீட்டில் தினமும் திட்டு. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நகம் ஒன்றுதான். வெட்டுவதாக இல்லை.