வெறுங்காலோடு நிற்கும் தாளாளர்

களிமண்ணில் செய்த இரண்டு பாதங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. உளுந்தூர்பேட்டை போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் சிற்பி ஈரச் சாக்குகளை விலக்கி, இறந்துபோன எங்கள் பள்ளித் தாளாளரைக் காட்டினார். அச்சு எடுப்பதற்கு முன்னால் குடும்பத்தாரையும் தெரிந்தவர்களையும் கூப்பிட்டு மண்ணுருவத்தைக் காட்டுவது அவர்கள் வழக்கம். மூக்கு சரியா, காது சரியா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வெண்கலத்தில் வார்த்த பிறகு எதுவும் செய்ய முடியாது. தாளாளரின் மகன் என்னையும் காரில் கூட்டிப் போயிருந்தார். நான் அந்தப் பள்ளியில் சரித்திர ஆசிரியை. மண்ணில் செய்த அந்தப் பாதங்களில் செருப்பும் இல்லை, ஷூவும் இல்லை. விரல்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. நான் குனிந்து பார்த்துவிட்டு, பிரமாதமாக வந்திருக்கிறது என்றேன். ஏனென்றால் அது என் கைங்கரியம்.

செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படித்தவள் நான். இந்தப் பள்ளியில் வேலை கிடைத்த வாரம், நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பெரிய மனுஷரைப் பார்க்கப் போகிறோமே என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் புதுச் செருப்பு வாங்கி மாட்டியிருந்தார். பழகாத கால், வார் கடித்துக் கடித்துச் சிவந்திருந்தது. தாளாளர் பழத்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

“இன்னாய்யா, மலையில கல்லுலயும் முள்ளுலயும் திரியறவனுக்கு இங்க வந்தா செருப்பு கேக்குதா? வெளிய வுட்டுட்டு வா.”

அப்பா வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்து கை கட்டி நின்றார். திரும்பிப் போகும்போது செருப்பைக் காணோம். தாளாளர் கண்ணைக் காட்டியதும் வாட்ச்மேன் அதைக் கொண்டுபோய்க் குப்பை எரியும் இடத்தில் போட்டிருந்தார். மண்டையைப் பிளக்கிற வெயில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா தார் ரோட்டின் ஓரத்தில் மண்ணைத் தேடித் தேடிக் கால் வைத்து நடந்தார். “வுடும்மா, எனக்குப் பழக்கம்தான்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

ரோமப் பேரரசுப் பாடம் வரும்போது புத்தகத்தில் இல்லாததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அந்நாட்டு முதல் பேரரசர் நோஞ்சான், உயரமும் கம்மி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிழவராகித்தான் செத்தார். ஆனால் சிலைகளில் அவருக்கு வயசே ஆகவில்லை. தொப்பை இல்லை, சுருக்கம் இல்லை, மார்பில் கவசம், படைக்கு உத்தரவிடுவதுபோல ஒரு கை மேலே. அவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராத தூரத்து ஊர்களுக்கெல்லாம் அந்தச் சிலைகள்தான் அரசர். இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் தாளாளரின் படத்தைப் பார்த்துக்கொள்வேன். அதிலும் அவருக்கு முடி கன்னங்கரேல் என்றுதான் இருக்கும்.

அவர் இறந்த பிறகு பள்ளி வாசலில் சிலை வைக்க மகன் முடிவு செய்தார். என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், அப்பா ராஜா மாதிரி நிக்கணும். நீங்க சரித்திரம் படிச்சவங்க, சொல்லுங்க” என்றார். கேட்ட கணத்திலேயே எனக்குள் ஒன்று துள்ளியது. இத்தனை வருஷம் காத்திருந்ததற்குப் பலன் தானாக நடந்து வந்து எதிரில் நிற்கிறது. கைபேசியில் அந்த ரோமப் பேரரசரின் சிலையை எடுத்துக் காட்டினேன். தொப்பையைக் கரைக்கலாம் என்றேன், சரி என்றார். வயசைக் குறைக்கலாம் என்றேன், அதற்கும் சரி. கையைத் தூக்கி வைக்கலாம் என்றேன், பூரித்துப் போனார். கடைசியில்தான் காலுக்கு வந்தேன்.

“ஷூ வாணாமா டீச்சர்? அப்பா வேட்டி கட்டினாக்கூட ஷூ இல்லாம வெளிய வரமாட்டாரே.”

“சாதாரண மனுஷங்களுக்குத்தாங்க அதெல்லாம். பேரரசர் பாருங்க, வெறுங்கால். தெய்வத்துக்குச் சமம்னு காட்டத்தான் அப்பிடி செதுக்கினாங்க.”

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அறிஞர்கள் சொல்வதைத்தான் சொன்னேன். “நம்ம ஊர்ல வெறுங்காலுன்னா...” என்று, அளவு கேட்க வந்து கூடவே உட்கார்ந்திருந்த சிற்பிதான் இழுத்தார். டீச்சருக்குத் தெரியாததா என்று மகன் அவர் வாயை அடைத்துவிட்டார்.

சிலை திறந்த அன்று எனக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது. மத்தியான இடைவேளையில் வேப்பமர நிழலில் நின்று வேடிக்கை பார்ப்பேன். வெயில் ஏற ஏற வெண்கலம் தகதகக்கும். நில்லு, காலு நல்லா வேவட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சாகும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். பரீட்சை வந்து கெடுத்தது.

அரையாண்டுத் தேர்வன்று காலையில் பத்தாம் வகுப்புப் பெண்கள் சிலையின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டைவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அடுத்த நாள் பையன்களும் வந்தார்கள். பிறகு ஃபீஸ் கட்ட வந்த தாய்மார்கள். எதுக்கும்மா இதெல்லாம் என்று ஒருத்தியைக் கேட்டேன். “ஐயா சாமியாட்டம் வெறுங்கால்ல நிக்கிறாருங்க டீச்சர்” என்றாள். கட்டைவிரல் தேய்ந்து தேய்ந்து மஞ்சளாய் மின்ன ஆரம்பித்தது. தூரத்து ஊர்க்காரர்களைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தியவள், என் ஊர்க்காரர்களை யோசிக்கவில்லை.

போன மாதம் அப்பா கண் ஆஸ்பத்திரிக்காக மலையிலிருந்து வந்தார். இவர் ஒருவராவது பார்த்துச் சிரிக்கட்டும் என்று சிலை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“யாருன்னு தெரியுதாப்பா?”

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “அவருதானே. நல்லா எளசா ஆயிட்டாரு.”

“கால பாருப்பா.”

பார்த்தார். கீழே கிடந்த செருப்புகளையும் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, தன் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இன்னாப்பா பண்ற?”

“சாமியாட்டம் நிக்கிறாரும்மா. நாம செருப்போட நின்னா நல்லாவா இருக்கும்?”

அவர் கழற்றிப் போட்டதை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவர் காலை இழுத்து மாட்டினேன். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மேலே ஆபீஸ் ஜன்னலில் மகன் நின்றதும் தெரிந்தது.

“வாணாம்மா, யாருனா பாத்தா...”

“பாக்கட்டும். போட்டுக்கினு நடப்பா.”

என் பேச்சைத் தட்டாமல் அப்பா போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் சிலையைத் தாண்டும் வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்காதபடி நுனிக்காலை ஊன்றி ஊன்றித்தான் போனார். அவருக்கும் சேர்த்து என் செருப்பைத் தரையில் அறைந்துகொண்டு நான் பின்னால் போனேன்.