உருண்டை அக்காவின் மெல்லிய சுவர்

பெயர்தான் உருண்டை அக்கா. ஆள் ஊதினால் பறந்துவிடுவாள். ஆராய்ச்சிக்கூடத்தில் பதினைந்து வருஷமாகக் கணினிக்குள் உருண்டைகளை வளர்த்ததால் வந்த பட்டம் அது. கல்லும் மண்ணும் இல்லாத உருண்டை. காந்தப் புலம் மாதிரி வெறும் ஒரு புலம், தன் ஈர்ப்பாலேயே தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருக்கும். துடிக்கத் துடிக்கத் தன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக அலைகளாய் வெளியே விடும். எவ்வளவு விடும் என்று கணக்கிடுவதுதான் அவள் பிழைப்பு. 'கிட்டத்தட்ட விடவே விடாது' என்று ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் எழுதிய கட்டுரைதான் அவளுக்குக் கூடத்தில் ஒரு நிரந்தர நாற்காலியை வாங்கிக்கொடுத்தது.

அதே கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைத் தன் கொழுந்தனுக்குப் பேசி முடித்தவளும் அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. வந்த நாளிலிருந்து மாமியார் வாயில் எதற்கெடுத்தாலும் "சின்னவ, சின்னவ"தான். அக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இப்போது சின்னவள் உருண்டையிலேயே கைவைத்துவிட்டாள். அக்கா எழுதியதைவிட நூறு மடங்கு வேகமாக ஆற்றல் போகிறதாம். வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாள்.

"நீங்க ஒரு தடவ பாத்துடுங்கக்கா. எங்கயாவது தப்பு பண்ணியிருப்பேன்," என்று தன் ப்ரோக்ராமையும் அனுப்பிவைத்தாள்.

இதில் பணிவு வேறு. அக்காவுக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு கமா கூடத் தப்பில்லை. கடைசியில் தன் பழைய ப்ரோக்ராமையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தாள்.

கணினிக்குள் அண்டம் ஏது? ஒரு பெட்டிதான். ஓரத்துக்கு வந்துசேரும் அலையை விழுங்க அங்கே ஒரு பட்டை வைப்பார்கள். அவர்கள் பேச்சில் அது 'சுவர்'. அக்கா வைத்த சுவர் ரொம்ப மெல்லிசு. அலையை விழுங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறது. உருண்டை, விட்டதையெல்லாம் தானே திரும்பக் குடித்துவிட்டு இளைக்காமல் இருந்திருக்கிறது. மல்லாந்து துப்பினால் மார்மேல்தான் விழும்.

வெள்ளிக்கிழமை அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சின்னவள் பேசி முடித்ததும் துறைத் தலைவர் கேட்டார்: "ரெண்டு முடிவுக்கும் ஏம்மா இவ்ளோ வித்தியாசம்?"

சின்னவள் ஒரு நொடி அக்காவைப் பார்த்தாள். "அப்போ இருந்த கம்ப்யூட்டர் சின்னது சார். அதுல அவ்ளோதான் பாக்க முடியும்."

அந்தப் பார்வையிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. சின்னவளுக்குச் சுவர் விஷயம் தெரியும். தெரிந்தேதான் மறைக்கிறாள். அக்கா பேசாமல் இருந்தால் மானமும் தப்பும், நாற்காலியும் தப்பும். ஆனால் கெட்டிக்காரப் பட்டம் அவளுக்கு, மாமியாரின் செல்லம் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கேவா?

உருண்டை அக்கா எழுந்து நின்றாள்.

"கம்ப்யூட்டர் மேல எதுக்குப் பழியப் போடுற? சுவர் மெல்லிசு. வெச்சது நான்."

யாரோ கைதட்டினார்கள். பார்த்தால் சின்னவள். அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.