அரை லிட்டர் பால் கெடுத்த கார்

எங்கள் குடும்பத்தில் ஒரு காரைக் கெடுத்தவள் நான்தான். அரை லிட்டர் பாலால் கெடுத்தேன். சொந்தக்காரர்கள் நடுவில் இதுதான் இன்றைக்கும் வரலாறு. தங்கவயலில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், யாராவது ஒரு பெரியம்மா பாயசக் கிண்ணத்தை என் கையில் கொடுக்குமுன் ஒரு கணம் தயங்குவாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஈஜிபுராவில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பா எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டினார். அத்தனை வருஷம் அடுத்தவர் காரையே ஓட்டியவருக்குச் சொந்தமாகப் பழசு ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து, சிவாஜிநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுப் போவார்.

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். மாமாவின் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் விட்டுப்போனது. அச்சடித்தவன் செய்த தப்பு என்றார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அதன்பின் இரண்டு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. அம்மா தம்பியோடு போன் பேச வேண்டுமென்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். தண்ணீர் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காதாம். ஒற்றை அறை வீட்டில் எல்லாமே கேட்கும். அப்பாவும் கேட்காதவர் போலவே உட்கார்ந்திருப்பார்.

அப்பா கார் தேடுகிறார் என்று தெரிந்ததும் மாமா தானாகவே வந்து நின்றார். பத்து நாள் அலைந்து ஒரு வெள்ளி நிறக் காரைக் கொண்டுவந்து எங்கள் சந்தில் நிறுத்தினார். புது சீட் கவர், உள்ளே மல்லிகை வாசனை. எங்கள் பக்கம் அக்கா புருஷனையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒரு தடவ நீங்களும் பாத்துடுங்க மாமா" என்று சாவியை நீட்டினார்.

கம்பெனி வண்டியை எடுக்குமுன் தினமும் டார்ச் அடித்து டயர் பார்க்கிற ஆள் என் அப்பா. அன்று பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"நீ பாத்துட்ட இல்ல மச்சான், போதும்" என்றார்.

குனிந்து பார்த்திருந்தால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும். இரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். அழத்தான் போனாள்.

சீட் கவரின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் எதற்கும் உறை பிரிக்கிற வழக்கமில்லை. டிவி ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. காருக்கு மட்டும் விதிவிலக்கா? காரின் தரையில் கால்வைக்க விரித்திருந்த மேட்டின் பிளாஸ்டிக்கும் அப்படியே இருக்கட்டும் என்று அம்மா உத்தரவு போட்டாள். பாஸ்டர் வந்து பானெட்டில் கைவைத்து ஜெபித்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். இப்படி எல்லாப் பக்கமும் காவல் போட்ட காரில்தான் நான் பாலைக் கொட்டினேன்.

கடையில் வாங்கிய பால் பாக்கெட் என் மடியில் இருந்தது. தலையில் இருந்த ஹேர்பின்னால் மூலையைக் குத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியது. என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. பிளாஸ்டிக் மேல் ஓடிய பால் தையல் இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது. கர்ச்சீப்பால் துடைத்தேன். பாக்கெட் கடையிலேயே ஓட்டை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கடைக்காரனைத் திட்டிவிட்டு மறந்துபோனாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. அப்பா எலி செத்திருக்கும் என்று தேடினார். அந்துருண்டை போட்டார், காபித் தூளைக் கிண்ணத்தில் வைத்தார், ஊதுபத்தி கொளுத்தினார். நாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு இன்னும் பெரிதானது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்றத்தை எடுத்துவிடும்படி மூன்று வாரம் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்திருந்தார். அவர் மேலே அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, அப்பா கீழே இறங்கிப் பின்சீட்டின் மேட்டைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் பிளாஸ்டிக், பிறகு மேட், அதன் அடியில் கம்பளம். கம்பளத்தைத் தூக்கியதும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று சேறு. அதில் ஒட்டிய ஒரு இலை. சீட்டை இறுக்கிய போல்ட்டெல்லாம் செக்கச்செவேல் என்று துரு. அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

பால் கெட்டால் தயிராகும் என்று தெரியும். அதற்கும் மேலே கெட்டால் சேறாகும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "நான்தாம்ப்பா பால கொட்டிட்டேன்" என்றேன்.

அழுகைச் சத்தம் கேட்டு அம்மாவும் மாமாவும் இறங்கி வந்தார்கள். மாமாவின் முகம் மாறியது. "இன்னா மாமா, வண்டில எதுனா பிராப்ளமா?" என்று கேட்டார்.

அப்பா கம்பளத்தைக் கீழே விட்டார். மேட்டை இழுத்து மூடினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"வண்டி தங்கம் மச்சான். பாப்பா பால கொட்டி மறச்சிட்சி, அதான் நாத்தம்."

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பால் கடைக்காரனைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்து இன்னொன்று வைத்தாள். மாமாதான் நடுவில் புகுந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

மழையில் எங்கேயோ முழுகிக் கிடந்த கார் அது. யாரோ காயவைத்து, புதுக் கவர் மாட்டி, வாசனை தெளித்து மாமா தலையில் கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தால் மாமா அவமானத்தில் மறுபடி எங்கள் படியேற மாட்டார். அம்மா மறுபடி குழாயைத் திறந்துவிட்டுப் பேச வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அந்தச் சேற்றைப் பார்த்ததுமே இது புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. போன மழையில் என் அலுவலகத் தோழியின் கார் அடித்தளப் பார்க்கிங்கில் முழுகியது. அவள் கம்பளத்தைத் தூக்கிக் காட்டியபோது அதே சாம்பல் சேறு இருந்தது. அதில் ஒரு துளி பாலும் கிடையாது.

அன்று தொடங்கிய பால் நிற்கவே இல்லை. கதவுப் பூட்டு வேலை செய்யாமல் போனால் பால். ஜன்னல் கண்ணாடி இறங்கிவிட்டு ஏற மறுத்தால் பால் ஒயருக்குள் போயிருக்கிறது. ஒருநாள் ஹெட்லைட்டும் அணைந்தது. பின்சீட்டில் கொட்டிய பால் முன்விளக்குவரை எப்படிப் போனது என்று அம்மா கேட்கவில்லை. என்னைத்தான் முறைத்தாள். ஹெப்பகோடியில் ஒரு மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, "நீரு நுக்கிதெ சார்" என்று கன்னடத்தில் சொன்னான். தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீரல்ல, ஹாலு" என்றார். தண்ணீர் இல்லை, பாலாம். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மூன்று வருஷம் ஓடியது அந்தக் கார். ஆள் வந்து விலைக்குக் கேட்டபோதும் அப்பா கொடுக்கவில்லை; பழைய இரும்புக்குத்தான் போட்டார். மாமா இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். அவருக்கு விஷயம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் எல்லோரும் அந்தப் பாலைச் சொல்லிச் சிரிக்கும்போது அவர் மட்டும் சிரித்ததில்லை.

கம்பளத்தைத் தூக்கிப் பார்த்த அந்த ஞாயிறு சாயங்காலம், மாமா ரயிலுக்குப் போன பிறகு, அப்பா என்னை மட்டும் தெருமுனை பேக்கரிக்குக் கூட்டிப் போனார். ஒரு தேன் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் முடிக்கும் முன்பே இன்னொன்று வாங்கினார். அவர் டீகூடக் குடிக்கவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தவர், "எம்மேல கோவமா பாப்பா?" என்று கேட்டார்.

பாலைக் கொட்டியது நான். மறைத்தது நான். கேக் கிடைத்ததும் எனக்கு. இதில் அவர் மேல் நான் கோபப்பட என்ன இருக்கிறது? வாய் நிறையக் கேக்கோடு இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகும் அவர் முகம் தெளியவில்லை. சரி, இவருக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று பயந்துபோய், இனிமேல் செத்தாலும் பாலைத் தொட மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.