நாலு மைல் மூன்று பர்லாங்

வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை. மாடு நடந்தால் ரோடு, நின்றால் குழி, அவ்வளவுதான். அழகிரிசாமிக்கு அப்படி இருக்க முடியாது. அவிநாசி ரோட்டிலிருந்து தாசம்புதூருக்குப் பிரியும் கிளை ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவர் ரோட்டு மேஸ்திரி. மைலுக்கு எட்டுப் பர்லாங்; எந்தப் பர்லாங்கில் எத்தனை புளியமரம், எந்த வடிகால் மோரி மழைக்கு அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் பர்லாங் கல்லுக்கு எதிரேதான் அவர் வீடு.

அறுபதாம் வருஷம் ஜில்லா போர்டைக் கலைத்து ரோடுகளைப் பங்கு பிரித்தார்கள். தாசம்புதூர் ரோட்டில் முதல் நாலு மைல் மூன்று பர்லாங் ஹைவேஸுக்கு, மிச்சம் பஞ்சாயத்து யூனியனுக்கு. மேஸ்திரி ஹைவேஸ் பக்கம் வந்து சேர்ந்தார். பட்டியல் எழுதிய மகராசன் யாரோ, யூனியன் பங்கை நாலு மைல் ஆறு பர்லாங்கிலிருந்து தொடங்கிவிட்டான். நடுவில் மூன்று பர்லாங் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அநாதையாகக் கிடந்தது.

அதுவும் எந்த இடம்? கரிசல் மண், பள்ளம். மழை பெய்தால் சக்கரம் அச்சு வரை இறங்கும். மேஸ்திரியின் ஒரே மகள் கனகத்தைத் தாசம்புதூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அறுபத்தொன்று ஐப்பசியில் அவளைப் பிரசவத்துக்கு அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி அந்தப் பள்ளத்தில் அச்சு முறிந்து இரண்டு மணி நேரம் நின்றது. பிள்ளை செத்துப் பிறந்தது. ரோட்டைப் பார்த்துக்கொள்வதற்கே பிறந்தவர் போலத் திரிந்த மனுஷன், அதற்கப்புறம் ஒரு மாதம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு மனு எழுத ஆரம்பித்தார். ஹைவேஸ் ஆபீஸில் கிளார்க் பட்டியலை விரித்துக் காட்டினார். "நம்ம பங்கு மூணாவது பர்லாங்கோட முடிஞ்சுதுங்க மேஸ்திரி. யூனியன்ல கேளுங்க."

யூனியன் ஆபீஸில் இன்னொரு பட்டியல். "நம்முது ஆறுல இருந்துதானுங்க. ஹைவேஸ்ல கேளுங்க."

"ரெண்டு பேரும் இல்லைன்னா, அது ரோடே இல்லீங்களா? அப்ப என்ற பொண்ணு வந்த வண்டி எங்கீங்க நின்னுச்சு?" என்று கேட்டார் அழகிரிசாமி. கிளார்க் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இப்படியே இரண்டு வருஷம், ஒன்பது மனு. பத்துச் சட்டி மண் அடித்தால் தூரக்கூடிய பள்ளமா அது, சொந்தச் செலவில் அடைக்க? ஊதுகிற சங்கை ஊதியாயிற்று, பொழுதுதான் விடியவில்லை.

அறுபத்து மூன்று ஆடியில் இரண்டு சேதி ஒன்றாக வந்தன. கனகம் மறுபடி முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாசம். ஹைவேஸ் பங்குக்கு, அது முடிகிற இடத்தில் நட்டிருக்கும் எல்லைக் கல் வரைக்கும், தார் சாங்ஷன் ஆகியிருக்கிறது.

எல்லைக் கல் வரைக்கும்! மேஸ்திரி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பட்டப்பகலில், தன் ஆள் சென்னகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு, கடப்பாரையும் சுண்ணாம்பு வாளியுமாகப் போய் எல்லைக் கல்லைப் பெயர்த்து, வண்டியில் ஏற்றி, மூன்று பர்லாங் தள்ளிப் பள்ளத்துக்கு அப்பால் நட்டு, வெள்ளையும் அடித்துவிட்டார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மேஸ்திரி கல் நடாமல் வேறு யார் நடுவார்கள்?

"ஏனுங்க, கண்டுபுடிச்சா வேலை போயிருமுங்களே?" என்றான் சென்னகிருஷ்ணன்.

"போனாப் போகட்டும் போ. கல்லு சொல்றதுதான் ரோடு."

இருபத்திரண்டு வருஷம் கல்லோடு பழகிய மனுஷனின் நம்பிக்கை அது. தப்பும் அங்கேதான்.

ஓவர்சீயர் சொன்னபடி மேஸ்திரியின் ஆட்கள் அவிநாசி ரோட்டு முனையிலிருந்து தார் போடத் தோதாகப் பழைய ஜல்லியை முன்கூட்டியே கொத்திப் போட்டார்கள். காண்டிராக்டருக்குக் கல்குவாரி தாசம்புதூர்ப் பக்கம். ஆகவே அவர் எல்லைக் கல்லில் ஆரம்பித்து இந்தப் பக்கமாகத் தார் போட்டுக்கொண்டு வந்தார். முதல் வாரமே பள்ளம் தூர்ந்தது. ஜல்லி பரப்பி, ரோலர் ஓடி, கரிசல் மேல் கறுப்பாகத் தார் படிந்ததைப் பார்த்து அழகிரிசாமி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சென்னகிருஷ்ணனிடம் சொன்னார்.

புரட்டாசிக் கடைசியில் ரோலர் நின்றது. அவிநாசி ரோட்டுக்கு இன்னும் சரியாக மூன்று பர்லாங் இருந்தது.

"என்னங்க சார், நிறுத்திப்போட்டாங்க?"

ஓவர்சீயர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எஸ்டிமேட் நாலு மைல் மூணு பர்லாங். கல்லுல இருந்து அளந்து போட்டாச்சு, வேலை முடிஞ்சுது. இது எப்படி மிச்சமாச்சுன்னு எனக்கே புரியலை மேஸ்திரி. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும், அது கூடப் பெரிதில்லை. கல் பழைய இடத்துக்குப் போகும், பள்ளம் மறுபடி அநாதையாகும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். மேஸ்திரி தெரியாது என்று தலையை ஆட்டினார்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் உச்சிவேளையில் கனகத்துக்கு வலி கண்டது. தாசம்புதூரிலிருந்து வண்டி தார் ரோட்டில் பறந்து வந்தது. பழைய பள்ளம் எங்கே இருந்தது என்றே வண்டிக்காரனுக்குத் தெரியவில்லை. தார் முடிந்த இடத்தில், மேஸ்திரியே கொத்திப் போட்ட ஜல்லிச் சேற்றில், சக்கரம் முழங்கால் ஆழம் இறங்கியது.

"நாயனா, இங்கயுமா?" என்று வண்டிக்குள்ளிருந்து, ஓடிவந்த அப்பனைப் பார்த்துக் கனகம் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டபோது அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஆட்கள் கட்டிலைக் கொண்டுவந்து அவளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். முதல் பர்லாங் கல்லைத் தாண்ட முடியவில்லை. மேஸ்திரி வீட்டு உள்ளறையிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. தெய்வப் புண்ணியம், வீல் என்று அழுதது.

அவர் மனைவி பங்காரம்மா வெந்நீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். அவளுக்குக் கல் விஷயம் தெரியும். "கல்லை நகத்தறேன்னுட்டு, குழியை நம்மூட்டு வாசலுக்குக் கொண்டாந்து வெச்சுப்போட்டீங்களே" என்றாள்.

அவர் அடுத்த வாரம் பத்தாவது மனுவை எழுதினார். ஆரம்ப முனையிலிருந்து மூன்று பர்லாங் நடக்க முடியாமல் கிடக்கிறது, உடனே சீர் செய்ய வேண்டும் என்று.

இந்த மனுவுக்கு மட்டும் பத்தே நாளில், டைப் அடித்து, முத்திரை குத்திப் பதில் வந்தது. சேற்றில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தார். மேற்படி மூன்று பர்லாங்கும் ஹைவேஸைச் சேர்ந்ததே. ஆவணப்படி அதற்குத் தார் போடப்பட்டு, ரோடு நல்ல நிலையில் உள்ளது. அடுத்த ஐந்து வருஷத்துக்கு மராமத்து தேவையில்லை.